உரிமம் யார் கையில்? துப்பாக்கியும் சாதியும் வடசென்னையும்



ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நாம் வேலை செய்யும் பகுதிகளின் படிப்பு வட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "அமெரிக்காவுல ஆன்லைன்லயே துப்பாக்கி வாங்குறாங்க. இங்க நம்ம ஆளுங்க பாதுகாப்புக்கு ஒண்ணு வாங்கணும்னா எங்க வாங்கணும்? கடையிலயா, ஆன்லைன்லயா?" கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் அண்ணன் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு இந்தக் கேள்வியில் கோபமும் கலந்திருக்கிறது.

கோபம் நியாயமானது. கேள்வி மட்டும் பாதி வழியில் தொடங்குகிறது. கடையா ஆன்லைனா என்று பார்க்கும் முன், துப்பாக்கியைத் தொடுகிற அனுமதி இந்த நாட்டில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நமக்காக எழுதப்பட்ட ஒரு விதியும் உண்டு. அது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் நேரடியான பதில்

இந்தியாவில் துப்பாக்கியை ஆன்லைனில் வாங்க முடியாது. உரிமம் இல்லாமல் கடையிலும் வாங்க முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. 5ஆம் பிரிவு உரிமம் இல்லாமல் தயாரிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. வயது 21 ஆகியிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வந்த பிறகு விண்ணப்பத்தை இணையத்தில் போடலாம். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் ஓர் எண் உண்டு. அதாவது மனுதான் ஆன்லைன். துப்பாக்கி ஆன்லைன் கிடையாது. இணையத்தில் விற்கும் 'ஏர் கன்' வேறு வகை. 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத விசை என்றால் அதற்கு உரிமம் தேவையில்லை.

ஆக, இங்கே துப்பாக்கி என்பது கடைச் சரக்கு ஆவதற்கு முன்பே அரசு கொடுக்கும் ஒரு நம்பிக்கைச் சீட்டு. சென்னையில் அதைக் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர். கமிஷனரகம் இல்லாத மாவட்டங்களில் ஆட்சியர். கொடுக்கும் முன் விண்ணப்பதாரரின் பகுதிக் காவல் நிலையம் அவரைப் பற்றி அறிக்கை தர வேண்டும். "இவர் எப்படிப்பட்டவர்?" என்ற கேள்விக்குக் காவல் நிலையம் எழுதும் பதில்தான் கடையின் கதவைத் திறக்கிறது.

அந்தப் பதில் சாதிக்கு அப்பாற்பட்டதாக இருக்கும் என்று நம்மில் யாராவது நம்புகிறோமா?

1878: ஆயுதம் பறித்த சட்டம்

1857இல் சிப்பாய்கள் எழுந்ததை ஆங்கிலேயர் மறக்கவில்லை. வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878இல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கட்டாயம். ஆனால் சட்டத்தோடு விலக்குப் பட்டியலும் வந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு. சமஸ்தான மன்னர்களுக்கும் அரசின் பட்டம் பெற்ற பெரிய மனிதர்களுக்கும் விலக்கு. இன அடிப்படையிலான விலக்கு முதல் உலகப் போருக்குப் பிறகுதான் நீக்கப்பட்டது.

ஒரு விலக்கு இன்றும் தொடர்கிறது. குடகில் குடவர் இனத்தவருக்கும் 'ஜம்மா' நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளும் சலுகை உண்டு. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் அது செல்லும் என்றது. குடவர்களிடம் நமக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் பிறப்பையும் நில உரிமையையும் பார்த்து ஆயுத அனுமதி தருவது காலனி காலத்தோடு முடிந்துபோன கதை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

1878 சட்டத்தைத் தேசியவாதிகள் எதிர்த்தார்கள். 1887 டிசம்பரில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு நம் சென்னையில்தான் நடந்தது. பத்ருதீன் தியாப்ஜி தலைமை. ஆயுதச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் போட்டது. இந்தியர் விசுவாசமானவர்கள், அவர்களை நம்பலாம் என்பது வாதம்.

தீர்மானம் 'எல்லோருக்கும்' என்றது. அதே ஆண்டுகளில் சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு ஜில்லாவில் பறையர்கள் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்தார்கள். ஊர்த்தெருவில் செருப்புப் போட முடியாதவருக்குத் துப்பாக்கி உரிமம் என்பது எந்த உலகத்தில் நடக்கும்? இந்த இடைவெளியை அன்றே கண்டுகொண்டவர்கள் நம் முன்னோடிகள். 1890களில் இந்தியாவிலேயே ஐ.சி.எஸ். தேர்வு நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, இரட்டைமலை சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோரின் கையெழுத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். அதிகாரிப் பதவிகள் முழுவதும் சாதி இந்துக்களின் கைக்குப் போனால் நம் கதி என்ன என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அந்த மனு ஆயுதத்தைப் பற்றியது கிடையாது. ஆனால் நம் கேள்விக்கு அது நேராகப் பொருந்துகிறது. உரிமம் என்பது ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போடுகிற கை எந்தச் சாதியுடையது?

துப்பாக்கி ஏந்தியிருந்த கைகள்

"நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்பார்கள். சம்பந்தம் இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் பறையர் சிப்பாய்கள் இருந்தார்கள். 'மதராஸ் சாப்பர்ஸ்' எனப்படும் பொறியாளர் படையில் அவர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்றவர்களின் பெயர்கள் அங்கே தூணில் இருக்கின்றன. பாபாசாகேபின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார்.

பிறகு 'போர்க்குடிகள்' என்ற கோட்பாடு வந்தது. அதன் பெரிய பிரச்சாரகர் ராபர்ட்ஸ். 1880களின் முதல் பாதியில் மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்தவர். 1885 முதல் 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி. தெற்கத்தியர் சண்டைக்கு லாயக்கற்றவர்கள், வடமேற்கின் சில இனங்களே வீரர்கள் என்பது அவர் முடிவு. 1890களில் மகர்களை ராணுவத்தில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். இங்கே மதராஸ் பயனியர் படையை 1933இல் கலைத்தார்கள். மகர்களுக்கென்று நிலையான ஒரு படைப்பிரிவு 1941இல்தான் வந்தது. அதற்காக அம்பேத்கர் வாதாட வேண்டியிருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1878 சட்டம் வீட்டிலிருந்த ஆயுதத்தைப் பறித்தது. 1890களின் ராணுவக் கொள்கை வேலையிலிருந்த ஆயுதத்தைப் பறித்தது. ஜமீன்தாரின் சுவரில் மட்டும் துப்பாக்கி தொங்கிக்கொண்டே இருந்தது.

வடசென்னை: குழலின் மறுமுனை

நம் பகுதிக்கு வருவோம். வடசென்னையின் உழைக்கும் மக்கள் துப்பாக்கியைப் பார்த்தது பெரும்பாலும் போலீஸ் கையில். 1920 டிசம்பர் 9 அன்று பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலைத் தொழிலாளர் மீது போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் சிக்கலானது. 1921 ஜூனில் ஆலையில் மீண்டும் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். இதற்குப் பல காரணங்கள் உண்டு. கிராமத்தில் திரும்பிப் போக அவர்களுக்கு நிலம் கிடையாது; கடன் கொடுக்க ஆள் கிடையாது. முந்தைய வேலைநிறுத்தங்களின் பட்டினி நினைவில் இருந்தது. எம்.சி. ராஜா போன்ற தலைவர்களின் அறிவுரையும் இருந்தது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் மறுபக்கம் என்று மோதல் வெடித்தது. புளியந்தோப்புச் சேரியின் குடிசைகள் எரிந்தன. மாதக்கணக்கில் கலவரம் நீடித்தது. ஆகஸ்ட் இறுதியில் கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். ஆளும் நீதிக்கட்சித் தலைவர்களே, அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததால்தான் இத்தனையும் என்றார்கள். எம்.சி. ராஜா அந்தக் கட்சியிலிருந்து விலகியதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம்.

புளியந்தோப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குடிசை எரிந்தவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. அவருடைய பாதுகாப்பு போலீஸ் எப்போது வரும், எந்தப் பக்கம் நிற்கும் என்பதையே நம்பியிருந்தது. போலீஸ் சுட்டதும், சுடச் சொன்னதே அவர்தான் என்பதுபோலப் பழி அவர் மேல் வந்தது. துப்பாக்கி அரசின் கையில் இருந்தபோதும் அதன் அரசியல் விலையைச் சேரி கொடுத்தது.

இன்னொரு விஷயமும் வடசென்னைக்கு உண்டு. திருவொற்றியூரில் 1955இல் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயரே துப்பாக்கியிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த கம்பெனி அது. பீரங்கிதான் அதன் சின்னம். வண்டியின் பெயர் 'புல்லட்', தோட்டா. நம் ஊர்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பூட்டிய வண்டி அது.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. இந்தச் சாதியில் பிறந்துவிட்டு புல்லட் ஓட்டுகிறாயா என்று கேட்டு வெட்டினார்கள் என்பது புகார். துப்பாக்கி இருக்கட்டும், தோட்டாவின் பெயர் வைத்த மோட்டார் சைக்கிளுக்கே எழுதப்படாத உரிமம் ஒன்று தேவைப்படுகிறது. அந்த உரிமத்தை வழங்கும் அலுவலகம் எந்த அரசாணையிலும் கிடையாது. அது ஊரில் இருக்கிறது.

சட்டம் ஒன்று சொல்கிறது, நிலம் ஒன்று சொல்கிறது

சுதந்திர இந்தியாவின் 1959 சட்டத்தில் ஒரு நல்ல வரி உண்டு. 14ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது. இப்படி எழுத வேண்டியிருந்ததே, அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு உண்மையிலேயே தேவை என்றால், வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு அதிகாரி உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. பயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டுமானால் பயிர் வேண்டும். பயிருக்கு நிலம் வேண்டும். கூலிக்கு நடவு நட்டவருக்கு அந்தக் கதவு ஏது? ஒரு பிரிவு சொத்துத் தகுதியை நீக்குகிறது. இன்னொரு பிரிவு நிலக்காரருக்கு எளிய வழி வைக்கிறது. சாதியின் பெயரை எங்கும் எழுதாமலே சட்டம் சாதியின் வழியில் நடக்கிறது.

இதன் விளைவைக் கீழவெண்மணியில் பார்த்தோம். 1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடியிருப்புக்குள் மிராசுதார்களின் கூட்டம் துப்பாக்கிகளோடும் அரிவாள்களோடும் வந்தது. குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். குழந்தைகளும் பெண்களும் முதியவர்களும்தான் அதிகம். பெரிய நிலச்சுவான்தார்கள் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற ரீதியில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உரிமம் கொடுக்கும்போது எந்த 'கௌரவம்' தகுதியாக இருந்ததோ, அதே கௌரவம் கூண்டில் நின்றபோது சாட்சியாகவும் வந்து நின்றது.

நமக்காக எழுதப்பட்ட விதி

1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1995 மார்ச் 31 அன்று அதன் விதிகள் வந்தன. சட்டத்தைப் படித்த தோழர்கள்கூட விதிகளைப் படிப்பதில்லை. விதி 3ஐ அவசியம் படியுங்கள். அதன் சாரத்தை என் வார்த்தைகளில் வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். இரண்டாவது, ஆட்சியரையும் கண்காணிப்பாளரையும் அங்கே அனுப்பி நிலைமையை ஆராய வேண்டும். மூன்றாவது, தேவைப்பட்டால் அந்தப் பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களும் இதில் அடங்கும். அந்த ஆயுதங்கள் அரசின் ஆயுதக் கிடங்குக்குப் போக வேண்டும். நான்காவது, சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்து அவற்றின் தயாரிப்பைத் தடுக்க வேண்டும். ஐந்தாவது, தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஒடுக்குபவரின் ஆயுதத்தை எடு. அதன் பிறகே ஒடுக்கப்பட்டவருக்குக் கொடு. நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு திசையில் ஓடிய ஆயுதச் சட்டத்தை இந்த விதி திருப்பிப் போடுகிறது. ஊரில் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்பது சாதிக் கேள்வி என்று இந்திய அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது.

'தேவை எனக் கருதினால்' என்ற சொற்கள்தான் ஓட்டை. கருத வேண்டியவர் கருதாமல் இருந்தால் விதி தூங்கும். விதி வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடைய தோழர்களும் ஓடும் பேருந்தை மறித்து வெட்டப்பட்டார்கள். மிரட்டல் இருந்தது ஊருக்கே தெரியும். பாதுகாப்பும் கேட்கப்பட்டது. அடையாளம் காணத் தகுந்த பகுதி என்று அதற்கு மேல் எதைச் சொல்வது? அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் ரன்வீர் சேனா 58 பேரைச் சுட்டுக் கொன்றது. அந்தச் சேனையின் துப்பாக்கிகள் மறைவாக இருக்கவில்லை. நாடே அறிந்திருந்தது.

அமெரிக்கக் கதவுக்குப் பின்னால்

இனி, நம் மாணவர்கள் சொல்லும் அமெரிக்கா. அங்கே ஒரு காலத்தில் துப்பாக்கி தபாலில் வந்தது. 1963இல் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் வாங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த 1968 சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் விற்பதைத் தடுத்தது. இன்றும் அங்கே வேறு மாநிலக் கடையிலிருந்து ஆன்லைனில் வாங்கினால், துப்பாக்கி வீட்டுக்கு வராது. உள்ளூர் உரிமக் கடைக்கு வரும். அங்கே போய்ப் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கையில் கிடைக்கும். தனியாருக்குள் நடக்கும் விற்பனையில் பல மாநிலங்களில் இந்தச் சோதனை கிடையாது. அங்குள்ள சர்ச்சையெல்லாம் அதைப் பற்றித்தான்.

அங்கும் கதவு நிறம் பார்த்தது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் மிசிசிப்பி போன்ற மாநிலங்கள் விடுதலை பெற்ற கறுப்பர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தன. 1956இல் மாண்ட்கோமெரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. அவர் துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. 1967 மே மாதம் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படியான துப்பாக்கிகளோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நடந்தார்கள். அந்த ஆண்டே அங்கே ஆயுதம் ஏந்தி நடமாடுவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். துப்பாக்கி உரிமையைப் புனிதமாகக் கருதும் அரசியலிலிருந்து வந்தவர் அவர்.

இந்தக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுத்தார்கள், கோபத்தை எடுத்தார்கள். அவர்கள் கையில் பிடித்தது பேனா.

ஆம்ஸ்ட்ராங்கும் உரிமமும்

இப்போது நமக்கு வலிக்கும் இடத்துக்கு வருகிறேன்.

அண்ணன் ஆம்ஸ்ட்ராங் வழக்கறிஞர். சென்னை மாநகராட்சியின் முன்னாள் உறுப்பினர். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. 2024 மக்களவைத் தேர்தலுக்காக அதை வழக்கம்போல் ஒப்படைத்திருந்தார். ஜூன் 13 அன்று அது அவரிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது என்று காவல்துறை அறிவித்தது. 22 நாள் கழித்து, ஜூலை 5 மாலையில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த தன் வீட்டருகே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். உணவு டெலிவரி ஊழியர் உடையில் வந்தவர்களும் அந்தக் கும்பலில் இருந்தார்கள்.

உரிமம் இருந்தது, துப்பாக்கி இருந்தது, உயிர் போனது. கூட்டமாகத் திட்டமிட்டு வருபவர்கள் முன் ஒற்றைத் துப்பாக்கி எதையும் செய்ய முடியாத நேரங்கள் உண்டு. ஒரு தலைவரின் உயிருக்கு அவரே காவல் என்று அரசு கைகழுவிவிட முடியாது. பத்து நாட்களுக்குள் கைதான ஒருவர் 'என்கவுன்ட்டரில்' சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வாய் திறந்து சொல்லியிருக்கக்கூடியது அவரோடு போனது. அரசுத் துப்பாக்கி வெடித்தால் நீதி கிடைத்தது என்று கொண்டாடுபவர்களைப் பார்த்து நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அப்படியானால் விதி 3இல் சொல்லும் உரிமம் எதற்கு என்று கேட்கலாம். மிரட்டலுக்கு ஆளான ஊராட்சித் தலைவருக்கும் சாட்சிக்கும் அது தேவைப்படலாம். கேட்பதற்கு உரிமை உண்டு. ஆனால் எண்ணிக்கையையும் விலையையும் பாருங்கள். 2016 இறுதியில் நாடு முழுவதும் சுமார் 33.69 லட்சம் உரிமங்கள். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் சுமார் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 22,500 மட்டுமே. அதிக உரிமம் உள்ள உத்தரப் பிரதேசம் தலித்துகளுக்குப் பாதுகாப்பான மாநிலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2014இல் பெண்களுக்கென்று அரசுத் தொழிற்சாலை வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். எண்ணூர் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளம். துப்பாக்கிகளைப் பெருக்கும் போட்டியில் பணமும் நிலமும் காவல் நிலையச் செல்வாக்கும் உள்ளவரே ஜெயிப்பார். அதனால்தான் விதி 3இல் 'எடு' என்பது முதலில் வருகிறது. நம் கோரிக்கையிலும் அதுவே முதலில் வர வேண்டும்.

செய்ய வேண்டியது

இளைய தோழர்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நாட்டுத் துப்பாக்கியோடு ரீல்ஸ் போடும் பழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. தயாரித்தாலோ விற்றாலோ ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை. சினிமா வடசென்னைக்காரன் கையில் எப்போதும் ஆயுதத்தைத் திணிக்கிறது. காவல் நிலையமும் அதே கண்ணோடு பார்க்கிறது. நம் பிள்ளைகள் மீது பழைய 107, 110 பிரிவுகளில் பிணைப்பத்திரம் எழுதி வாங்குவது சாதாரணம். அப்படிப் பிணையில் இருப்பவர் அந்தக் காலம் முடியும்வரை துப்பாக்கி உரிமம் பெற முடியாது என்கிறது ஆயுதச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. நம் கையில் ஆயுதம் இருப்பதாகப் படம் காட்டுவது நம்மைக் காக்காது. வழக்கை மட்டும் வீட்டுக்கு அழைத்து வரும்.

செய்யக்கூடியவை வேறு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் அனுப்புங்கள். உங்கள் மாவட்டத்தில் விதி 3இன் கீழ் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை? அங்கே எத்தனை உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன? பட்டியல் சாதியினருக்கு அந்த விதியின்கீழ் எத்தனை உரிமங்கள் வழங்கப்பட்டன? விதி 17இன்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அதன் உறுப்பினர்களைச் சந்தித்து, இந்தக் கேள்விகளைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். விதி 16இன்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும். கூடியதா என்று கேளுங்கள். மிரட்டலுக்கு ஆளானவர் உரிமம் கேட்டு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. 18ஆம் பிரிவில் மேல்முறையீடும் உண்டு.

இரட்டைமலை சீனிவாசன் மனு எழுதிய காலத்தில் நம் கையில் இப்படி ஒரு விதி கிடையாது. இன்று இருக்கிறது, 1995 முதல் அச்சில் இருக்கிறது. அடுத்த முறை யாராவது ஆன்லைனில் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்டால், விதி 3ஐ அவர் கையில் கொடுத்து, ஊர்க்காரர் சுவரில் தொங்கும் துப்பாக்கியை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று ஆட்சியரைக் கேட்க அழைத்துப் போங்கள்.

ஜெய் பீம்.